பழைய தானியங்கிக் கைக்கடிகாரச் சேகரிப்பு

பழைய தானியங்கிக் கைக்கடிகாரச் சேகரிப்பு என்பது, அணிபவரின் கை அசைவினால் தானாகவே சாவி ஏறும் பொறிமுறைக் கைக்கடிகாரங்களுள் பழையவற்றைத் தேடிப் பெற்று, ஆராய்ந்து, பேணும் பொழுதுபோக்கு ஆகும். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் 1920கள் முதல் 1970களின் இறுதி வரை உருவானவற்றையே பழையவை என்ற வகையில் அடக்குகின்றனர். குவார்ட்சு கடிகாரங்கள் பரவலாவதற்கு முந்தைய காலம் இதுவாகும். இத்துறையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரங்களும் உண்டு. பல கோடி ரூபாய்க்கு ஏலம் போனவையும் உண்டு. எனினும் இரண்டிலும் சேகரிப்பாளர் எழுப்பும் முதல் கேள்வி ஒன்றே: இக்கடிகாரத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தது எவ்வளவு, பின்னர் மாற்றப்பட்டது எவ்வளவு?

இயங்கும் முறை

பொறிமுறைக் கைக்கடிகாரம் ஒன்றின் ஆற்றல், ஒரு சிறு பெட்டியினுள் சுருட்டப்பட்டுள்ள முதன்மைச் சுருள்வில்லில் சேமிக்கப்படுகின்றது. வில் விரியும்போது பற்சக்கரத் தொடர் சுழல்கின்றது. அந்த ஆற்றலைச் சிறுசிறு பகுதிகளாக விடுவித்து, சமநிலைச் சக்கரத்தின் அலைவுகளைத் தொடரச் செய்வது விடுவிப்பமைப்பு ஆகும். சாவி கொடுக்கும் கடிகாரங்களில், பக்கவாட்டிலுள்ள குமிழை நாள்தோறும் விரல்களால் திருகிச் சுருள்வில்லை இறுக்க வேண்டும்.

தானியங்கிக் கடிகாரத்தில் இவ்வேலையைச் செய்வது சுழலி எனப்படும் எடை ஆகும். பொதுவாக அரைவட்ட வடிவிலுள்ள இவ்வெடை, இயக்கத்தின் நடுவில் தாங்கப்பட்டுத் தடையின்றிச் சுழல்கின்றது. கை அசையும்போது சுழலி சுற்றுகின்றது. அச்சுழற்சி பல பற்சக்கரங்களின் வழியே வேகம் குறைந்து, விசை பெருகி, சுருள்வில்லை இறுக்குகின்றது. வில் முழுதும் இறுகிய பின்னரும் கை அசைந்துகொண்டே இருக்கும் என்பதால், வில்லின் வெளிமுனை பெட்டியுடன் நிலையாகப் பிணைக்கப்படுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் விசை ஏறினால் அம்முனை பெட்டியின் உட்சுவரில் வழுக்கிச் செல்லும். எனவே நல்ல நிலையிலுள்ள தானியங்கிக் கடிகாரத்துக்கு அளவுக்கு மீறிச் சாவி ஏறுவதில்லை.

பழைய இயக்கங்கள் பலவற்றில் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடிக்கின்றது. இவ்வளவில் ஓராண்டு நிற்காமல் ஓடும் கடிகாரம் ஏறத்தாழ 15.77 கோடி முறை துடிக்கும். பிற்கால இயக்கங்களில் 21,600, 28,800, 36,000 ஆகிய அளவுகள் இடம்பெற்றன. ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 10 நொடி பிழை காட்டும் கடிகாரத்தின் பிழை 8,640இல் ஒரு பங்கே என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

தொடக்கம்

தானே சாவி ஏறும் முதல் கடிகாரங்கள் சட்டைப் பைக்கானவை. சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரைச் சேர்ந்த ஆபிரகாம்-லூயி பெர்லே 1770களில் இத்தகைய கடிகாரங்களைச் செய்தார். 15 நிமிட நடை, கடிகாரம் 8 நாட்கள் ஓடப் போதுமானது என 1777இல் செனீவாவின் கலைக் கழகம் அறிவித்தது. 1778இல் லியேச் நகரின் உபேர் சார்த்தோன், சுழலியுடன் கூடிய அமைப்பொன்றின் விளக்கத்தைப் பாரிசின் அறிவியல் கழகத்துக்கு அளித்தார். முழுச் சுழலியின் முன்னோடி யார் என்பதில் கடிகார வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எவ்வாறாயினும், பையில் நேராகத் தொங்கும் கடிகாரம் அதிகம் அசைவதில்லை. எனவே இம்முறை கைக்கடிகாரம் பரவும் வரை பெரிதும் கைவிடப்பட்டிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தைச் சேர்ந்த சான் ஆர்வுட் என்பவர் தானியங்கிக் கைக்கடிகாரம் ஒன்றை உருவாக்கி, 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். குமிழ் நுழையும் துளை வழியே தூசியும் ஈரமும் புகுவதே கடிகாரப் பழுதுகளின் முக்கிய காரணம் எனக் கண்ட அவர், குமிழையே நீக்கிவிட்டார். முகப்பைச் சூழ்ந்த வளையத்தைத் திருப்பியே முட்களை நகர்த்த வேண்டியிருந்தது. போர்ட்டிசு முதலிய நிறுவனங்கள் இதனைத் தயாரித்தன. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1931இல் ஆர்வுட்டின் நிறுவனம் வீழ்ச்சியுற்றது.

மோதெடையும் முழுச் சுழலியும்

ஆர்வுட் கடிகாரத்தில் எடை முழு வட்டமாகச் சுழலவில்லை. இருபுறமும் இருந்த சிறு வில்களில் மோதித் திரும்பியது. சேகரிப்பாளர் இவ்வகையை மோதெடை வகை என்பர். கையில் அணிந்திருக்கும்போது எடை வில்லில் தட்டுவதை உணர முடிவது இதன் தனித்தன்மை ஆகும். ஒமேகா நிறுவனம் 1943 முதல் 1950களின் நடுப்பகுதி வரை மோதெடை இயக்கங்களைத் தயாரித்தது. 1952இல் வெளிவந்த முதல் கான்சுடலேசன் கடிகாரங்களும் இவ்வகையினவே.

1931இல் ரோலெக்சு நிறுவனம் 360 பாகை சுழலும் சுழலியை அறிமுகப்படுத்தியது. அது ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே வில்லை இறுக்கியது. இரு திசைகளிலும் இறுக்கும் இயக்கத்தை 1942இல் பெல்சா நிறுவனம் பைடைனேட்டர் என்ற பெயரில் வெளியிட்டது. 1948இல் எட்டெர்னா நிறுவனம் சுழலியை ஐந்து நுண்ணிய உருளைக் குண்டுகளின் மேல் தாங்கச் செய்து உராய்வைக் குறைத்தது. அந்நிறுவனத்தின் சின்னத்திலுள்ள ஐந்து புள்ளிகள் அக்குண்டுகளையே குறிக்கின்றன.

சுழலி இயக்கத்தின் மேல் அமர்வதால் கடிகாரம் தடிப்பாகியது. இதற்குத் தீர்வாக, சிறு சுழலியை இயக்கத்தின் தளத்திலேயே பதிக்கும் முறையை 1950களில் பியூரன், யுனிவர்சல் செனீவ் ஆகிய நிறுவனங்கள் உருவாக்கின. பின்னவர் 1954இல் வெளியிட்ட போல்ரூட்டர் கடிகாரத்தை வடிவமைத்த செரால்டு செண்டாவுக்கு அப்போது வயது 23. வட துருவப் பகுதியின் மேலான விமானப் பாதையை இசுக்கான்டினேவிய விமான நிறுவனம் தொடங்கியதையொட்டி அக்கடிகாரம் உருவாக்கப்பட்டது.

1969 ஆம் ஆண்டு

குரோனோகிராப் என்பது நிறுத்துக் கடிகார வசதியும் சேர்ந்த கைக்கடிகாரம் ஆகும். 1969 வரை விற்பனையிலிருந்த குரோனோகிராப்கள் சாவி கொடுக்கும் வகையினவாகவே இருந்தன. அவ்வாண்டு மூன்று தரப்பினர் தானியங்கிக் குரோனோகிராப்பை வெளியிட்டனர். செனித் நிறுவனம் சனவரி 10 அன்று எல் பிரிமேரோ இயக்கத்தை அறிவித்தது. ஓயர், பிரைட்லிங், ஆமில்டன்-பியூரன், துபுவா-தெப்ரா ஆகியவை இணைந்து மார்ச் 3 அன்று தம் இயக்கத்தை அறிவித்தன. ஜப்பானின் சீக்கோ நிறுவனம் தன் 6139 இயக்கத்தை அதே ஆண்டின் மே மாதத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறிவிப்பு, விற்பனை, ஒருங்கிணைந்த வடிவமைப்பு என அளவுகோல் மாறும்போது முதலிடமும் மாறுவதால், இம்மூன்றில் முதலாவது எது என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது.

குவார்ட்சு நெருக்கடி

அதே 1969ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்சு கைக்கடிகாரமான அசுட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் விலை குறைந்த, மிகத் துல்லியமான குவார்ட்சு கடிகாரங்கள் சந்தையை நிறைத்தன. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் பணிபுரிந்த சுவிசு கடிகாரத் தொழில், 1980களில் ஏறத்தாழ 30,000 பேராகச் சுருங்கியது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன. இயக்கங்களைச் செய்த அச்சுகளும் கருவிகளும் பழைய உலோகமாக விற்கப்பட்டன.

செனித் நிறுவனத்தில் நடந்த நிகழ்வு இக்காலத்தைப் பற்றிய செய்திகளுள் பெரிதும் அறியப்பட்டது. 1971 முதல் அந்நிறுவனம் அமெரிக்காவின் செனித் வானொலி நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. 1975இல் பொறிமுறைக் கடிகார உற்பத்தியை நிறுத்துமாறு உரிமையாளர்கள் ஆணையிட்டனர். சார்லசு வெர்மோ என்ற பணியாளர் எல் பிரிமேரோ இயக்கத்துக்கான கருவிகளையும் அச்சுகளையும் தொழிற்சாலையின் மாடி அறையொன்றில் மறைத்து வைத்து, செய்முறைக் குறிப்புகளையும் எழுதி வைத்தார். 1980களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது அவை பயன்பட்டன. 1988 முதல் சில ஆண்டுகள் ரோலெக்சு நிறுவனத்தின் டேடோனா கடிகாரமும் மாற்றியமைக்கப்பட்ட எல் பிரிமேரோ இயக்கத்தையே கொண்டிருந்தது.

சேகரிக்கப்படும் கடிகாரங்கள்

சுவிசு கடிகாரங்கள்: ஒமேகா, லாஞ்சின்சு, ஐ.டபிள்யூ.சி., ரோலெக்சு, யுனிவர்சல் செனீவ் முதலியவற்றின் 1950கள், 1960களைச் சேர்ந்த தானியங்கிகள் பெரிதும் விரும்பப்படுகின்றன. பதேக் பிலிப் நிறுவனத்தின் முதல் தானியங்கியான 2526 இலக்கக் கடிகாரம் 1953இல் வெளிவந்தது. அதன் பற்சிப்பி முகப்பு புகழ்பெற்றது. வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் அணிந்த, நாட்காட்டியும் பிறைக் காட்சியும் கொண்ட ரோலெக்சு தானியங்கி 2002இல் ஏறத்தாழ 2.35 இலட்சம் டாலருக்கும், 2017இல் 50 இலட்சம் டாலருக்கு மேலும் ஏலம் போனது.

ஜப்பானியக் கடிகாரங்கள்: சீக்கோ நிறுவனம் 1956இல் ஜப்பானின் முதல் தானியங்கிக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. 1959இல் அது அறிமுகப்படுத்திய மாய நெம்புகோல் என்னும் அமைப்பு, இரு திசைச் சுழற்சியையும் மிகச் சில உறுப்புகளைக் கொண்டே வில்லுக்குக் கடத்துகின்றது. உறுப்புகள் குறைந்ததால் விலையும் பழுதும் குறைந்தன. 1963 முதல் வெளிவந்த சீக்கோ 5 வரிசை உலகின் பல பகுதிகளிலும் எளிய மக்களின் முதல் தானியங்கியாக அமைந்தது. புதிதாகத் தொடங்கும் சேகரிப்பாளருக்கும் அதுவே பெரும்பாலும் முதற்படியாகும்.

இந்தியக் கடிகாரங்கள்: அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. பரவலாக அறியப்பட்ட சனதா, பைலட் ஆகியவை சாவி கொடுக்கும் கடிகாரங்கள். காஞ்சன், ரசத் ஆகியவை தானியங்கிகள். 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து நிறுவிய டைட்டன், ஒசூரிலிருந்து குவார்ட்சு கடிகாரங்களைச் சந்தைப்படுத்தியபின் எச்.எம்.டி.யின் பங்கு சரிந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனை ஒட்டி அக்கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர்.

மதிப்பை முடிவு செய்பவை

பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு முகப்பைச் சார்ந்தது. இயக்கத்தைத் துடைத்து எண்ணெயிட்டு மீட்கலாம். முகப்பிலுள்ள அசல் அச்சு அழிந்தால் மீட்க இயலாது. வெயிலாலும் காலத்தாலும் நிறம் மாறிய அசல் முகப்பு, புதிதாக வண்ணம் பூசப்பட்ட முகப்பைவிட உயர்வாக மதிக்கப்படுகின்றது. கறுப்பு முகப்பு சீராகப் பழுப்பாக மாறியிருப்பின் சிலர் கூடுதல் விலையும் தருகின்றனர்.

அடுத்தது கூடு. பலமுறை மெருகேற்றப்பட்ட கூட்டின் விளிம்புகள் மழுங்கி, பட்டையைத் தாங்கும் கொம்புகள் மெலிந்து விடுகின்றன. கீறல்கள் நிறைந்திருந்தும் கூர்மை குன்றாத கூட்டையே தேர்ந்த சேகரிப்பாளர் விரும்புவர். குமிழ், முட்கள், பின்மூடி ஆகியவை அக்கடிகாரத்துக்கே உரியவையா என்பதும் ஆராயப்படும். பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து உருவாக்கப்பட்டவை கலப்புக் கடிகாரங்கள் எனப்படும்.

மறுவண்ண முகப்புகள்

இந்தியாவிலிருந்து இணையவழி விற்கப்படும் பழைய சீக்கோ, எச்.எம்.டி., சுவிசு கடிகாரங்கள் பலவற்றின் முகப்புகள் புதிதாக வண்ணம் பூசி அச்சிடப்பட்டவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இவற்றை மும்பைக் கடிகாரங்கள் எனக் குறிப்பிடுகின்றனர். தொழிற்சாலையில் ஒருபோதும் செய்யப்படாத பளிச்சென்ற நிறங்கள், உருப்பெருக்கியில் பார்க்கும்போது சிதைந்து தெரியும் எழுத்துகள், சீரற்ற நிமிடக் கோடுகள், முகப்பின் கீழ்விளிம்பில் இருக்கவேண்டிய குறியெண் இல்லாமை ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

எனினும் மறுவண்ணம் பூசுதல் எல்லாம் ஏமாற்று ஆகாது. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரே கடிகாரத்தை அணிந்த காலத்தில், மங்கிய முகப்பைப் புதுப்பித்தல் வழக்கமான பழுதுபார்ப்பு வேலைகளுள் ஒன்றாக உலகெங்கும் இருந்தது. மேலும், உதிரி உறுப்புகள் கிடைக்காத நிலையில் பழைய இயக்கங்களை ஓட வைத்தவர்கள் இத்தகைய பட்டறைத் தொழிலாளர்களே. மறுவண்ண முகப்பை அசல் எனக் கூறி விற்பதே ஏமாற்று ஆகும்.

காலத்தைக் கணித்தல்

பெரும்பாலான நிறுவனங்கள் தம் இயக்கத்திலோ கூட்டிலோ தொடர் எண்ணைப் பொறித்துள்ளன. 1960களின் பிற்பகுதி முதலான சீக்கோ கடிகாரங்களின் பின்மூடியிலுள்ள தொடர் எண்ணில், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் இரண்டாவது குறி மாதத்தையும் காட்டும். 1 முதல் 9 வரை சனவரி முதல் செப்டம்பர், சுழியம் அக்டோபர், நவம்பருக்கும் திசம்பருக்கும் அம்மாதங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டன. எடுத்துக்காட்டாக, 6139 இயக்கம் கொண்ட கடிகாரம் ஒன்றின் எண் 32 எனத் தொடங்கினால் அது 1973 பிப்ரவரியில் செய்யப்பட்டது. அவ்வியக்கம் 1969க்கு முன் இல்லை என்பதால் 1963 என்பது விலக்கப்படுகின்றது. இவ்வாறு பத்தாண்டினை இயக்கத்தின் உற்பத்திக் காலத்திலிருந்தே அறிய வேண்டும். பின்மூடியிலுள்ள எட்டு இலக்கக் குறியீட்டின் முதல் நான்கு இலக்கங்கள் இயக்கத்தையும், அடுத்த நான்கு கூட்டையும் குறிக்கும். உள்ளிருக்கும் இயக்கம் முதல் நான்கு இலக்கங்களுடன் பொருந்தவில்லையெனில், அது கலப்புக் கடிகாரமாக இருக்கலாம்.

பேணுதல்

பழைய எண்ணெய் காலப்போக்கில் வறண்டு விடுகின்றது. வறண்ட கடிகாரமும் ஓடக்கூடும். ஆனால் ஒவ்வொரு நாளும் அதன் அச்சுமுனைகள் தேய்கின்றன. நன்றாகத்தானே ஓடுகின்றது என எண்ணி விடப்படும் கடிகாரங்களே பெரும்பாலும் மீளாப் பழுதுக்கு உள்ளாகின்றன. எனவே வாங்கியதும் முழுதும் பிரித்துத் துடைத்து எண்ணெயிடுதல் பரிந்துரைக்கப்படுகின்றது. விலை குறைந்த கடிகாரங்களில் இச்செலவு வாங்கிய விலையை விஞ்சுவதும் உண்டு.

பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதிகள் சில:

- பின்மூடியில் என்ன எழுதியிருப்பினும் பழைய கடிகாரத்தை நீர் புகாதது எனக் கொள்ளலாகாது. அடைப்பு வளையங்கள் காலப்போக்கில் இறுகி வெடித்து விடுகின்றன.
- இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியை விரைவாக மாற்றலாகாது. அவ்வேளையில் தேதிச் சக்கரத்துடன் பற்கள் பிணைந்திருக்கும்.
- ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருட்களிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். காந்தமேறிய மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொள்வதால் கடிகாரம் மிக விரைவாக ஓடும்.
- கடலோர ஊர்களில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா துகள்களுடன் மூடிய பெட்டியில் வைத்தல் நன்று.

கதிரியக்கம்

1960கள் வரையான பல கடிகாரங்களில், இருளில் ஒளிரும் எண்களும் முட்களும் ரேடியம் கலந்த வண்ணத்தால் பூசப்பட்டன. வண்ணத்தின் ஒளிர்வு சில பத்தாண்டுகளில் மங்கி விடினும், ரேடியம்-226 தனிமத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளிராத முகப்பு கதிரியக்கமற்ற முகப்பு அன்று. 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டால் கூராக்கி இவ்வண்ணத்தைப் பூசிய இளம்பெண்கள் பலர் தாடை எலும்பு அழுகியும் புற்றுநோயாலும் இறந்தனர். அவர்கள் தொடுத்த வழக்குகள் தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

மூடிய கடிகாரத்தினால் ஏற்படும் தீங்கு குறைவு. ஆனால் கூட்டைத் திறக்கும்போது உதிரும் பூச்சின் தூளை மூச்சில் இழுப்பதும் விழுங்குவதும் ஆபத்தானவை. இத்தகைய கடிகாரங்களை வீட்டில் திறப்பதும், பூச்சைச் சுரண்டுவதும், படுக்கையருகே பலவற்றைக் குவித்து வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். ரேடியத்துக்குப் பின் 12.3 ஆண்டு அரைவாழ்வு கொண்ட டிரிட்டியம் பயன்பட்டது. அவ்வகை முகப்புகள் பலவற்றின் கீழ்விளிம்பில் சுவிசு என்ற சொல்லின் இருபுறமும் டிரிட்டியத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து காணப்படும். 1990கள் முதல் கதிரியக்கமற்ற வண்ணங்கள் இடம்பிடித்தன.

வரலாற்று ஆய்வில் சேகரிப்பாளரின் பங்கு

மூடப்பட்ட நிறுவனங்கள் பலவற்றின் ஆவணங்கள் அழிந்துவிட்டன. அவற்றின் உற்பத்தி பற்றி இன்று அறியப்படுவன, சேகரிப்பாளர்கள் தம் கடிகாரங்களின் எண்களை ஒப்பிட்டுத் தொகுத்தவையே. 1985இல் செருமானிய விண்வெளி வீரர் ரைன்கார்டு பூரர் அணிந்ததே விண்வெளிக்குச் சென்ற முதல் தானியங்கிக் குரோனோகிராப் என நீண்டகாலம் கருதப்பட்டது. 1973–74 காலத்தில் இசுகைலாப் விண்வெளி நிலையத்தில் 84 நாட்கள் தங்கிய வில்லியம் போக் சீக்கோ 6139 ஒன்றை அணிந்திருந்ததைப் பழைய ஒளிப்படங்களின் வழியே சேகரிப்பாளர் கவனித்தனர். அதனைப் போக்கும் உறுதி செய்தார். எடையற்ற நிலையில் சுழலி சுற்றுமா என்ற ஐயத்துக்கும் இது விடையளித்தது. கை அசையும்போது சுழலி தன் நிலைமத்தால் பின்தங்குகின்றது. எனவே ஈர்ப்பு இல்லாத இடத்திலும் சாவி ஏறுகின்றது.

அருங்காட்சியகங்கள்

சுவிட்சர்லாந்தின் லா சோ-த-போன் நகரிலுள்ள பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகம், செனீவாவிலுள்ள பதேக் பிலிப் அருங்காட்சியகம், தோக்கியோவின் சீக்கோ அருங்காட்சியகம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பெங்களூரில் எச்.எம்.டி. மரபு மையம் 2019இல் திறக்கப்பட்டது. லா சோ-த-போன், லெ லோக்ல் ஆகிய கடிகார நகரங்களை 2009இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லைப் பகுதியின் பொறிமுறைக் கடிகாரத் தொழில் திறன் 2020இல் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- கடிகாரம்
- குவார்ட்சு கடிகாரம்
- சமநிலைச் சக்கரம்
- ரேடியம்
- எச்.எம்.டி.